பூரண சற்குணராவது இந்த ஆயுசில் நடக்குமா? அண்ணனோடு பேச்சு இல்லாதவன் கேட்கிறேன்

தேரிக்காட்டான் | ஞாயிறு, இரவு 9.40

எங்க ஊர்ல மூணு நாள் கன்வென்ஷன் நேத்தோட முடிஞ்சுது. கடைசி ராத்திரி பேசினவர் வெளியூர்க்காரர். மைக்கைப் பிடிச்சு, "பதினோரு வருஷமா நான் அறிய ஒரு பாவமும் செய்யல" அப்படின்னார். பந்தல் முழுக்க அல்லேலூயா. எனக்குப் பக்கத்துல இருந்த பெரியம்மை மட்டும் முந்தானையால வாயை மூடிக்கிட்டு, "அவிய வீட்டுக்காரியக் கேட்டாத்தான் தெரியும்" ன்னா.

சிரிச்சிட்டேன். ஆனா வீட்டுக்கு வந்து தூக்கம் வரல. அவர் எடுத்த வசனம் மத்தேயு 5:48. "ஆகையால், பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதா பூரண சற்குணராயிருக்கிறதுபோல, நீங்களும் பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்." ஞாயிறு பள்ளியில பிள்ளைகளுக்கு மனப்பாடம் சொல்லிக்கொடுத்த வசனம்தான். எனக்கே சொல்லிக்கிட்டதில்ல.

உள்ளதைச் சொல்லிடுதேன். அப்பா போய் நாலு வருஷம் ஆகுது. பனைவிளையில வடக்கு ஓரம் 3 சென்ட் யாருக்குன்னு எனக்கும் அண்ணனுக்கும் தகராறு. அதுலருந்து பேச்சு இல்ல. ஒரே கோயில், ஒரே திருவிருந்து. அவன் வடக்கு வாசல் வழியா வெளிய போனா நான் தெற்கு வாசல். குடி கிடையாது, தசமபாகம் தவறினது கிடையாது, லெந்து நாள்ல கவிச்சி தொடமாட்டேன். நூத்துக்கு 95 மார்க் வரும்னு நினைச்சிட்டு இருந்தேன்.

கேள்வி ரெண்டு. கிறிஸ்துவோட மாதிரியைப் பின்பற்றி ஒரு மனுஷன் பூரணமாக முடியுமா? முடியாதுன்னா அவர் ஏன் அதைக் கட்டளையாச் சொன்னார்?

---

கண்ணாடிக்கடல் | ஞாயிறு, இரவு 10.15

பிரதர், முடியும். "தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்" என்று 1 யோவான் 3:9 சொல்கிறது. முடியாத ஒன்றைப் பிள்ளையிடம் கேட்க நம் பிதா என்ன கொடுங்கோலரா? கட்டளை கொடுத்தவர் பெலனும் கொடுப்பார். நான் இரட்சிக்கப்பட்டபோது நகை, சினிமா, சீரியல் எல்லாம் ஒரே நாளில் போயிற்று. 5 வருஷமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் ஊர் பாரம்பரிய சபைகளில் பூரணத்தைப் பற்றிப் பேசினாலே "பெருமை" என்கிறார்கள். தேறாதவனுக்குத் தேறினவன் பெருமைக்காரனாகத்தான் தெரிவான்.

---

சும்மா வந்தவன் | ஞாயிறு, இரவு 10.22

3 சென்டுக்கு 3 பிரசங்கம். வக்கீலைப் பாருங்க அண்ணாச்சி.

---

சாயர்புரத்து வாத்தியார் | திங்கள், காலை 6.05

தமிழ் வாத்தியார் என்பதால் எனக்குச் சொல்லில்தான் கண் போகும். பொறுத்துக்கொள்க.

"பூரண சற்குணர்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்லுகிறதைக் கேட்டவுடன், குணப்பட்டியல் ஒன்று கையில் கொடுத்து எல்லாவற்றுக்கும் டிக் அடிக்கச் சொன்னது போல இருக்கிறது. தம்பி 95 மார்க் என்றது இதனால்தான். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் 'தெலெயோஸ்'. முடிவை, இலக்கை எட்டியது, முழு வளர்ச்சி அடைந்தது என்று பொருள். காய் பழுத்தால் அது தெலெயோஸ். 1995இல் வந்த திருவிவிலியத்தில் இதே வசனம் "உங்கள் விண்ணகத் தந்தை நிறைவுள்ளவராய் இருப்பது போல நீங்களும் நிறைவுள்ளவர்களாய் இருங்கள்" என்று வருகிறது. எனக்கு நிறைவு என்ற சொல்தான் பிடிக்கும். அது நம்முடைய பழஞ்சொல். "நிறையுடைமை நீங்காமை வேண்டின் பொறையுடைமை போற்றி ஒழுகப் படும்" (குறள் 154). நிறை உன்னை விட்டுப் போகாதிருக்க வேண்டுமா, பொறுமையைக் காப்பாற்று என்கிறார் வள்ளுவர்.

இப்போது 48ஆம் வசனத்துக்கு முந்திய ஐந்து வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே நகையும் இல்லை, சினிமாவும் இல்லை. சத்துருவைச் சிநேகிப்பது பற்றிய பேச்சு. "அவர் தீயோர்மேலும் நல்லோர்மேலும் தமது சூரியனை உதிக்கப்பண்ணி, நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார்." நம் சீமையில் மழை எப்போதாவதுதான். ஆனாலும் பெய்தால் வேலிக்கு இரண்டு பக்கமும் பெய்கிறது. "ஆகையால்" என்று வசனம் தொடங்குவது அந்த மழையைப் பிடித்துத்தான். இதே பேச்சை லூக்கா 6:36இல் "பூரணம்" என்ற சொல்லே இல்லாமல் "இரக்கமுள்ளவர்களாயிருங்கள்" என்று எழுதிவைத்திருக்கிறார்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு காலத்தில் தமிழ் கற்பித்தவர் கிருஷ்ண பிள்ளை. ரெட்டியார்பட்டிப் பக்கம் கரையிருப்பில் 1827இல் வைணவ வீட்டில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1894இல் அவர் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தின் நாயகன் ஒரு யாத்திரிகன். கடைசி வரைக்கும் வழியிலேதான் இருக்கிறான், சேற்றிலும் விழுகிறான். பூரணர் என்று ஒருவரைப் பிடித்துப் பாட்டுடைத் தலைவன் ஆக்க அந்தக் கிறிஸ்தவக் கம்பருக்குத் தெரியாதா என்ன?

---

தரங்கம்பாடி மருமகன் | திங்கள், காலை 8.30

பெண் எடுத்தது பாளையங்கோட்டையில், நான் லுத்தரன். 1530இல் எழுதிய ஆக்ஸ்பர்க் அறிக்கையை எங்கள் சபை இன்றைக்கும் ஏற்கிறது. அதன் 12ஆம் பகுதி, இந்த வாழ்விலேயே இனிப் பாவம் செய்யவே முடியாத பூரணத்தைச் சிலர் அடைகிறார்கள் என்ற போதனையை நேராகவே மறுக்கிறது. அதோடு விட்டிருந்தால் வெறும் மறுப்பு. 27ஆம் பகுதியில்தான் சுவை. அந்தக் காலத்தில் மடத்துக்குப் போவதே பூரண வழி என்று எண்ணம். அதற்குப் பதிலாக, தேவனுக்கு மெய்யாகப் பயப்படுவது, கிறிஸ்துவினிமித்தம் அவர் இரங்குவார் என்று நம்புவது, அவரவர் தொழிலில் கிடந்து அதைச் செய்வது, இதுதான் கிறிஸ்தவப் பூரணம் என்கிறது. பனையேறிக்குப் பனையிலே, தாய்க்கு அடுப்படியிலே.

கண்ணாடிக்கடல் சகோதரருக்கு: அதே யோவான் அதே நிருபத்தில் 1:8இல் "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்றும் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

---

கண்ணாடிக்கடல் | திங்கள், காலை 8.51

அது மனந்திரும்பாதவர்களுக்கு எழுதியது.

---

தரங்கம்பாடி மருமகன் | திங்கள், காலை 8.58

"என் பிள்ளைகளே" என்று கூப்பிடுகிறாரே, அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே.

---

செமினரிப் பையன் | திங்கள், மதியம் 1.10

இரண்டு பேருக்கும் நடுவில் ஒருவர் நிற்கிறார், வெஸ்லி (1703–1791). 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கரோடு சேர்ந்த மெத்தடிஸ்டுகளின் மூலபுருஷர். பூரணம் இந்த ஆயுசிலேயே கூடும் என்று அடித்துச் சொன்னவர் அவர். ஆனால் அவர் சொன்ன பூரணம் பூரண அன்பு. அறியாமை, தப்புக் கணக்கு, உடல் பலவீனம் இதெல்லாம் அதற்குள்ளும் இருக்கும் என்றார். "பாவமற்ற பூரணம்" என்ற சொல்லைத் தான் பயன்படுத்துவதில்லை என்றும் எழுதினார். இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று: இவ்வளவு போதித்தவர், "நான் அடைந்துவிட்டேன்" என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவில்லை. 11 வருஷக் கணக்கு அவரிடம் இல்லை.

நம் ஆராதனைப் புத்தகத்தையே பாருங்கள். திருவிருந்து தொடக்கத்தில், இருதயங்கள் எல்லாம் உமக்குத் திறந்திருக்கின்றன, உம்மைப் பூரணமாய் நேசிக்கும்படி எங்கள் நினைவுகளைச் சுத்திகரியும் என்ற கருத்தில் ஜெபிக்கிறோம். கொஞ்ச நேரம் கழித்துப் பாவ அறிக்கையும் செய்கிறோம். பூரணத்தைக் கேட்கிற வாயும் பாவத்தை ஒத்துக்கொள்கிற வாயும் ஒன்றே. அரை மணி நேரத்துக்குள்.

---

பதநீர்க் கலயம் | திங்கள், மாலை 5.45

படிச்சவிய பேசுற இடம். இருந்தாலும் சொல்லுதேன். எங்க தாத்தா பனையேறி. காலையும் சாயந்தரமும் ஏறிப் பாளை சீவணும். ஒரு நாள் சீவலைன்னா பாளை அடைச்சுப் போகும். கலயத்துல உள்பக்கம் சுண்ணாம்பு தடவித்தான் கட்டணும், அப்பதான் பதநீர். தடவலைன்னா கள்ளு. மரம் அதே மரம், பாளையும் அதே பாளை. நேத்துத் தடவினேன்னு சொல்லி இன்னைக்கு வெறுங்கலயத்தைக் கட்டினா பொழுது விடியும்போது நுரைச்சு நிக்கும்.

பதினோரு வருஷம்னு அந்தப் பிரசங்கியார் சொன்னதை வாசிச்சதும் எனக்குத் தாத்தாதான் ஞாபகம். எத்தனை வருஷமாத் தடவுதேன்னு அவர் ஒரு நாளும் எண்ணினதில்ல. இன்னைக்குத் தடவியாச்சான்னு மட்டும் விரலை விட்டுப் பார்ப்பார்.

---

சும்மா வந்தவன் | திங்கள், மாலை 6.02

இது நல்லாருக்கு. லைக் பட்டன் எங்க?

---

நைட் டூட்டி | செவ்வாய், அதிகாலை 3.20

வளைகுடாவில் நர்ஸ். சொந்த ஊர் நாசரேத் பக்கம். வார்டில் எல்லோரும் தூங்கின பிறகு வாசித்தேன்.

"கிறிஸ்துவின் மாதிரி" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். எங்கள் சித்தியை அவள் வீட்டுக்காரர் அடிப்பார். ஒவ்வொரு முறை பிறந்த வீட்டுக்கு வரும்போதும் பெரியவர்கள் 1 பேதுரு 2:21 எடுத்து வாசித்து, "கிறிஸ்துவும் உங்களுக்காகப் பாடுபட்டு, நீங்கள் தம்முடைய அடிச்சுவடுகளைத் தொடர்ந்துவரும்படி உங்களுக்கு மாதிரியைப் பின்வைத்துப்போனார்" என்று சொல்லி ஜெபம் பண்ணி, கடைசி பஸ்ஸில் திருப்பி அனுப்புவார்கள். வாசித்த ஒருத்தருக்கும் கன்னத்தில் அடி விழுந்ததில்லை. அந்தப் பகுதியே முதலில் வேலைக்காரர்களுக்கு, அதாவது அடிமைகளுக்கு எழுதப்பட்டது. தப்பிக்க வழி இல்லாதவனுக்குச் சொன்ன ஆறுதலை, வழி இருக்கிறவளின் கதவைப் பூட்ட எடுத்துக்கொண்டார்கள்.

பொறுமைதான் நிறைவு என்று வாத்தியார் ஐயா குறள் சொன்னார். சரி. யாருடைய பொறுமை?

---

சாயர்புரத்து வாத்தியார் | செவ்வாய், காலை 6.30

அம்மா, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டுக் காப்பி ஆறிப்போயிற்று. என்னிடம் பதில் குறைவு. நான் எடுத்த குறள் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொள்வதற்கு. அடுத்த வீட்டுப் பெண்ணின் தலையில் வைப்பதற்கு அல்ல. அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும். பேதுரு "மாதிரி" என்ற இடத்தில் போட்ட கிரேக்கச் சொல் 'ஹுப்போகிராம்மோஸ்'. பிள்ளைகள் பார்த்து எழுத வாத்தியார் எழுதிக்கொடுக்கும் மேல்வரி. திண்ணைப் பள்ளியில் மணலில் அண்ணாவி 'அ' எழுதுவார், பிள்ளை அதன்மேல் விரலை ஓட்டும். அந்த எழுத்து முழுவதையும் பார்க்க வேண்டும், ஒரு கோட்டை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு மறு கன்னத்தைக் காட்டினதாக யோவான் எழுதவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (18:23). அதுவும் மாதிரிதான். உங்கள் சித்திக்கு அந்த வசனத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை போலும்.

---

நைட் டூட்டி | செவ்வாய், மதியம் 12.05

இல்லை ஐயா. 18:23 எங்கள் வீட்டு வேதாகமத்தில் கோடு போடாத வசனம். சித்தி இப்போது திருச்செந்தூர் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். கோயிலுக்கு வருவாள், கடைசி பெஞ்சு.

---

வடக்கன்குளத்தான் | செவ்வாய், மதியம் 2.40

கத்தோலிக்கன் ஒருத்தனும் பேசலாமா?

எங்கள் பக்கத்தில் ரொம்ப நாள் இரண்டு தட்டு இருந்தது. செல்வந்தனிடம் "நீ பூரண சற்குணனாயிருக்க விரும்பினால், போய், உனக்கு உண்டானவைகளை விற்று, தரித்திரருக்குக் கொடு" என்றாரே, அது சாமியாருக்கும் கன்னியருக்கும். மற்றவர்களுக்குப் பத்துக் கட்டளை போதும் என்ற நினைப்பு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய ஏட்டில் ஓர் அதிகாரம் முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கி, எந்த நிலையில் இருப்பவரும் அன்பின் நிறைவுக்கு அழைக்கப்பட்டவர்தான் என்றது. எங்கள் ஊரில் 1745இல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் பிள்ளை மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் புனிதர் ஆனார். துறவி அல்ல.

இதைப் பெருமையாகச் சொன்னேன். இனி சொல்வது வெட்கம். அதே ஊரில் 1872இல் கட்டிய கோயிலில் சாதிக்கு ஒரு பக்கம், நடுவே தடுப்பு. இரு பக்கத்தாரும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். 1910இல் குருமார் இடித்தார்கள். வேண்டும் என்றவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். சுவர் திரும்ப வரவில்லை. அந்த இரண்டு பக்கத்திலும் எத்தனை ஒருசந்தி, எத்தனை செபமாலை! 95 மார்க் வாங்குகிறவர்கள்தான் எல்லோரும்.

தெற்கு வாசல், வடக்கு வாசல் என்று தேரிக்காட்டான் எழுதினதும் எனக்கு அந்தக் கோயில்தான் கண்ணில் வந்தது.

---

செமினரிப் பையன் | செவ்வாய், மாலை 4.15

சீர்திருத்த சபைக்காரர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டாம். நம் சேகரங்களில் சுவர் கட்டவில்லை, தெருவாகவே பிரித்து வைத்திருக்கிறோம்.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்துப் பேசினது இதே விஷயம்தான். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் கேட்பது அன்பு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். 1 கொரிந்தியர் 13ஐ அவர்கள் முகத்துக்கு நேராகத் திருப்பி வாசித்த மாதிரி. எதிரே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, தியாகிகள். அதுதான் உறைக்கிறது. இரண்டு வருஷத்தில் அவர் தோர்ணக்கல் பேராயர்.

---

கண்ணாடிக்கடல் | செவ்வாய், இரவு 9.30

ஒரு விஷயம். டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நீங்கள் எல்லோரும் மதிக்கிறீர்கள். அவர் இங்கிலாந்தின் கெஸ்விக் பரிசுத்த இயக்கத்தின் ஆதரவில் வந்தவர். பாவத்தின்மேல் ஜெயம் உண்டு என்று நம்பினவர். அப்போது எங்களை மட்டும் ஏன் கேலி?

---

செமினரிப் பையன் | செவ்வாய், இரவு 10.05

நியாயமான கேள்வி. கேலி செய்ததற்கு மன்னிக்கவும். கெஸ்விக்கார் பாவ சுபாவம் வேரோடு போய்விடும் என்று சொல்லவில்லை, ஆவியானவர் அதை அடக்கி ஆளுவார் என்றார்கள். அது ஒரு பக்கம். 1901இல் டோனாவூர் வந்தவர் 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும் வரை பெரும்பாலும் அறையோடு கிடந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்றுவிட்டார். அங்கே இருப்பது பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி.

---

கண்ணாடிக்கடல் | செவ்வாய், இரவு 10.12

சரி பிரதர். எழுதினேனே, 5 வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை என்று. சினிமாவைத்தான் சொன்னேன். கோபம் இன்னும் இருக்கிறது. என் வீட்டிலும் ஒரு பெரியம்மை இருக்கிறாள்.

---

நைட் டூட்டி | புதன், அதிகாலை 2.50

தேரிக்காட்டான் அண்ணே, இவ்வளவு பேர் எழுதியும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. அதே 5ஆம் அதிகாரம், 23ஆம் வசனம். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் "உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைத்தால் என்றுதான் இருக்கிறது. அவன் பேரில் உங்களுக்கு என்ன குறை என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பேரில் அவருக்கு என்ன குறை?

---

தேரிக்காட்டான் | வெள்ளி, இரவு 8.10

தங்கச்சி, உங்க பதிவை வாசிச்சு ரெண்டு நாள் ஒண்ணும் எழுதத் தோணல. அவனுக்கு என்ன குறைன்னு நான் கேட்டதே இல்ல. 3 சென்ட்தான்னு நானே முடிவு கட்டியிருந்தேன்.

நேத்து சாயந்தரம் போனேன். மைனி வாசல்ல கோழிக்கு இரை போட்டுட்டு இருந்தாவ. என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ஏங்க, தம்பி வந்திருக்காவ" ன்னாவ, நேத்துதான் வந்துட்டுப் போன மாதிரி. கருப்பட்டிக் காப்பி வந்துச்சு. அண்ணன் டிவியை நிறுத்தல. நான் குடிச்சு முடிச்சு, "எம்மேல உனக்கு என்னண்ணே குறை" ன்னு கேட்டேன். டிவியைப் பார்த்துக்கிட்டே சொன்னான்: "அப்பா கல்லுல யாரு பேரு இருக்கு?"

அவ்வளவுதான்.

விளங்காதவங்களுக்குச் சொல்லுதேன். அப்பா ரெண்டு வருஷம் படுக்கையில கிடந்தாவ. நான் அப்போ திருப்பூர்ல. மாசம் பணம் அனுப்பிட்டு இருந்தேன். தூக்கினது, துடைச்சது, ராத்திரி முழிச்சது எல்லாம் அண்ணனும் மைனியும். இறந்த பொறவு கல்லறைக்குக் கிரானைட் கல் நான்தான் வாங்கினேன். கீழே "அன்பு மகன்" னு என் பேரை வெட்டச் சொன்னேன். என் காசு, என் பேரு. தப்பாவே தோணல. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவன் அந்தக் கல்லுக்கு முன்னாலதான் மெழுகுதிரி ஏத்தியிருக்கான்.

3 சென்ட் அப்படியே கிடக்கு. அதைப் பத்தி அவனும் பேசல, நானும் பேசல.

ஒரு உதவி. வெட்டின கிரானைட் கல்லுல பேரு சேர்க்க முடியுமா? நாசரேத், திசையன்விளைப் பக்கம் எழுத்து வெட்டுற ஆளு யாருக்காவது தெரியுமா?

---

பதநீர்க் கலயம் | வெள்ளி, இரவு 8.40

தெரியும். எங்க மச்சான் அந்த வேலைதான். கீழே எவ்வளவு இடம் இருக்கு?

---

தேரிக்காட்டான் | வெள்ளி, இரவு 8.44

ரெண்டு அங்குலம் இருக்கும்.

---

பதநீர்க் கலயம் | வெள்ளி, இரவு 8.52

போதும். உங்க பேருக்குக் கீழேன்னா கல்லறைத் தோட்டத்துல வச்சே வெட்டிடலாம், அரை நாள் வேலை. அண்ணன் பேரு மேல வரணும்னா பழைய எழுத்தைத் தேய்ச்சு எடுக்க முடியாது, பள்ளம் தெரியும். வேற கல்லுதான் போடணும்.

---

தேரிக்காட்டான் | வெள்ளி, இரவு 9.30

வேற கல்லுன்னா எவ்வளவு ஆகும்னு மச்சான்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.